இணை முயல்களும் மருத்துவரிடம் செல்லும் நாளும்

இரண்டு முயல்கள் ஒரே கூண்டில் இரண்டு ஆண்டுகளாக ஒற்றுமையாய் வாழ்ந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் முகத்தை மற்றொன்று நக்கித் துப்புரவு செய்கிறது. இரண்டும் ஒரே தட்டில் உண்கின்றன. பகல் வேளையில் உடலோடு உடல் ஒட்டிப் படுத்து உறங்குகின்றன. ஒரு நாள் பெட்டை முயல் உணவைத் தொடாமல், வாயில் நீர் வடிய, ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கிறது. வீட்டார் அதை மட்டும் ஒரு கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்கிறார்கள். கடைவாய்ப் பற்களில் வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்த கூர்முனைகளை மருத்துவர் சீர்செய்து அனுப்புகிறார். மாலையில் பெட்டையைக் கூண்டில் விட்டதும் ஆண் முயல் அருகில் வந்து முகர்ந்து பார்க்கிறது. அடுத்த கணமே பாய்ந்து கடிக்கிறது. பல்லைக் குணப்படுத்தச் சென்றவர்கள், காது கிழிந்த முயலோடு மீண்டும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியதாகிறது.

இப்படி நேர்வது அபூர்வம் அன்று. முயல் வளர்ப்போர் சிலர் இதை அப்பிராணியின் முரட்டுக் குணம் என்றும், வேறு சிலர் நோயினால் வந்த வெறி என்றும் எண்ணிவிடுவது உண்டு. இரண்டும் சரியல்ல. எந்த இயல்பு அவ்விரு முயல்களையும் இணை பிரியாமல் வைத்திருந்ததோ, அதே இயல்புதான் இந்தச் சண்டைக்கும் காரணம். அந்த இயல்பை அறிந்துகொண்டால் சண்டையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அதற்கான வழிகளை இங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. முயல் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பிராணிகளைக் குறிக்கிறோம். நம் நாட்டுக் காடுகளிலும் வயல் ஓரங்களிலும் ஓடித் திரியும் காட்டு முயல் ஒன்று. அது வளை தோண்டுவதில்லை. பெரும்பாலும் தனித்தே வாழ்கிறது. அதன் குட்டிகள் ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக இருப்பதால், அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும். நகரங்களில் வீடுகளில் வளர்வது மற்றொன்று. இதன் மூதாதையர் ஐரோப்பாவின் தென்மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மண்ணுக்குள் வளைகளைத் தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த இனம் அது. அதன் குட்டிகள் ரோமம் இன்றி, கண் திறவாமல், வளைக்குள் பிறக்கின்றன. ராஜஸ்தானத்தில் அவிகாநகரில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம், இமாசலத்தில் குலு மாவட்டத்துக் கார்சாவிலும், கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மன்னவனூரிலும் உள்ள தன் கிளைகளில் முயல்களைப் பேணி ஆராய்ந்து வருகிறது. கார்சாவின் அங்கோரா முயல்கள் மென்மையான ரோமத்துக்குப் பெயர் பெற்றவை. அங்கோராவானாலும், கடையில் வாங்கிய சிறு வெள்ளை முயலானாலும், வளர்ப்பு முயல்கள் அனைத்தும் அந்த வளை முயலின் வழிவந்தவையே.

கூட்டமாக வாழும் பிராணி தன் கூட்டத்தாரை எவ்வாறு அடையாளம் காண்கிறது? வளைக்குள் வெளிச்சம் இல்லை. ஆகையால் அங்கே கண்ணைவிட மூக்கே பெரிதும் பயன்படுகிறது. முயலின் மோவாயின் கீழும், தொடை இடுக்கிலும், ஆசனவாயை ஒட்டியும் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. முயல் தன் மோவாயைக் கூண்டின் கம்பியிலும் உணவுத் தட்டிலும் தேய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ‘இது என்னுடையது’ என்று அது எழுதி வைக்கும் முறை அது. இணையாக வாழும் இரண்டு முயல்கள் ஒன்றையொன்று நக்கியும் உராய்ந்தும் ஒரு பொதுவான மணத்தைப் பெற்றுவிடுகின்றன. அந்த மணம் உள்ளது உறவு, இல்லாதது அயல். தன் எல்லைக்குள் நுழைந்த அயல் முயலை விரட்டுவது வளை முயலின் பிறவிக் குணம்.

மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் முயலின் மேல் என்ன மணம் இருக்கும் என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள். மேசையைத் துடைத்த கிருமிநாசினி, ஸ்பிரிட், மயக்க மருந்து, அதே மேசையில் அதற்கு முன் நின்ற நாய், மருத்துவரின் கைகள் ஆகிய அனைத்தின் மணமும் அதன் ரோமத்தில் ஏறியிருக்கும். அதோடு அச்சத்தினாலும் வலியினாலும் அதன் நடையும் நிலையும் மாறியிருக்கும். வீட்டில் தனியே இருந்த முயலுக்கோ, வெளியே சென்றது தன் துணை. உள்ளே வருவது யாரோ ஒருவர். சில மணி நேரப் பிரிவு, பல மாத உறவை அழித்துவிடுவது இவ்வாறுதான்.

இதிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது. நோய் ஒன்றுக்கேயானாலும், மருத்துவரிடம் செல்வது இரண்டுமாக இருக்க வேண்டும். இதனால் மூன்று நன்மைகள் உண்டு. இரண்டின்மீதும் ஒரே மணம் ஏறுவதால் திரும்பிய பின் ஒன்று மற்றொன்றுக்கு அயலாவதில்லை. அஞ்சிய முயலுக்குப் பக்கத்தில் துணை இருப்பது ஆறுதல் தருகிறது. மூன்றாவதாக, நலமாகத் தோன்றும் முயலையும் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட முடிகிறது. நோயை மறைப்பது இரையாகும் பிராணிகளின் சுபாவம். பருந்துக்கும் நரிக்கும் முன்னால் தன் தளர்ச்சியைக் காட்டும் முயல் நெடுநாள் பிழைத்திருப்பதில்லை அல்லவா? ஆகவே வீட்டாரின் கண்ணுக்கு நலமாகத் தெரிவது எல்லாம் நலம் என்று கொள்வதற்கில்லை.

இனி, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

பெட்டி உறுதியானதாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும், இரண்டு முயல்கள் அருகருகே படுத்துத் திரும்புவதற்கு இடம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மேற்புறம் திறக்கும் பெட்டியாயின் முயலை எடுப்பது எளிது. அடியில் வழுக்காத துணியை விரித்து, அதன்மேல் கூண்டில் கிடந்த பழைய துணியையே போட வேண்டும். புதிதாகத் துவைத்த துணி கண்ணுக்கு அழகாயிருக்கலாம். முயலுக்கு அது ஓர் அந்நிய மணமே. பெட்டியை இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே கூண்டின் அருகே திறந்து வைத்துப் பழக்குவது உத்தமம். அடிபட்டுத் துடிக்கும் முயலாயினும், நடக்க முடியாத முயலாயினும், நெருக்கத்தில் துணை மிதித்துவிடக்கூடும். அந்நிலையில் இரண்டு பெட்டிகளில் வைத்து, ஒன்றையொன்று காணும்படி அடுத்தடுத்து வைத்துக் கொண்டு செல்லலாம்.

உணவை நிறுத்தக்கூடாது என்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மனிதருக்கும் நாய்க்கும் பட்டினி விதிக்கப்படுகிறது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சு அடைபடும் என்பது அதன் காரணம். முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே அந்தப் பட்டினி அதற்குத் தேவையில்லை. அது மட்டுமன்று, பட்டினியே ஆபத்தாகவும் முடியும். முயலின் வயிறு இடைவிடாமல் இயங்க வேண்டிய ஓர் ஆலை. புல்லின் நார்ப்பொருள் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்க, குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சியதைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து நிறைந்த மென்மையான கழிவை முயல் வாயாலேயே எடுத்து மறுபடி உண்கிறது. உணவு நின்றால் குடலின் இயக்கம் தளர்கிறது, வாயு சேர்கிறது, வலியினால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. 12 மணி நேரம் எதையும் உண்ணாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும். ஆகையால் பெட்டிக்குள் ஒரு பிடி உலர்ந்த புல்லும், கையோடு அவை விரும்பி உண்ணும் கீரையும், வீட்டில் பழகிய தண்ணீர்க் கிண்ணமும் உடன் செல்ல வேண்டும்.

நேரத்தைத் தெரிந்தெடுப்பதும் முக்கியம். முயலுக்கு வியர்ப்பதில்லை. உடலின் வெப்பத்தைப் பெரும்பாலும் தன் நீண்ட காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை அது தாங்குவது கடினம். தில்லியிலோ நாகபுரியிலோ கோடையில் வெயில் 45 பாகையை எட்டும் நாட்களில், நண்பகலில் மூடிய வண்டியில் முயலைக் கொண்டு செல்வது நோயைவிடக் கொடியதாக முடியலாம். விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பின்னரோ செல்ல ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உறைந்த நீர் நிரம்பிய புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் முயல்கள் வேண்டும்போது அதன்மேல் சாய்ந்துகொள்ளும். முயலைத் தண்ணீரில் முக்கிக் குளிர்விக்க முயல்வது தவறு. அந்த அதிர்ச்சியே அதன் உயிருக்கு உலையாகலாம்.

எந்த மருத்துவரிடம் செல்வது என்பதையும் நோய் வருமுன்பே விசாரித்து வைக்க வேண்டும். நம் நாட்டில் கால்நடை மருத்துவத்தின் பெரும்பகுதி மாடு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தது. அது இயற்கையே. நகரங்களில் நாய், பூனைகளுக்கும் நல்ல மருத்துவர்கள் உள்ளனர். ஆனால் முயல் சிறிய நாயும் அன்று, பெரிய எலியும் அன்று. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரா என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளில் பலவகைப் பிராணிகளும் வருவதால், அத்தகைய ஊர்களில் இருப்போர் அங்கே விசாரிக்கலாம்.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது பெட்டியைத் தரையில் வைக்கலாகாது. குரைக்கும் நாயின் மூக்கு பெட்டியின் கம்பியைத் தொடும் உயரத்தில் முயல் இருந்தால் அதன் நெஞ்சு படும் பாட்டை நாம் உணர மாட்டோம். மடியிலோ, உயர்ந்த பலகையிலோ பெட்டியை வைத்து, மெல்லிய துணியால் பாதி மூடிவிடுவது நல்லது. இயன்றால் கூட்டம் குறைந்த வேளையைக் கேட்டுப் பெறலாம்.

முயலைத் தூக்கும் முறை ஒன்றே உண்டு. ஒரு கை மார்பின் கீழும், மறு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. முயலின் எலும்புகள் இலேசானவை. பின்னங்கால்களோ மிகுந்த வலிமை உடையவை. தாங்குதல் இன்றித் தொங்கும் முயல் உதைத்துக்கொண்டால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் அசையாமல் கிடப்பதைக் கண்டு அது சுகமாக உறங்குகிறது என்று எண்ணுவோர் உண்டு. அது உறக்கம் அன்று. அச்சத்தினால் உடல் மரத்துக் கிடக்கும் நிலை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது உதவும். கடைசியாக எப்போது உண்டது, புழுக்கைகளின் அளவும் எண்ணிக்கையும் குறைந்தனவா, சென்ற மாதம் எடை எவ்வளவு, இணைகளில் எது எதை நக்குகிறது, எது விலகி நிற்கிறது ஆகியவை அவருக்குப் பயன்படும் செய்திகள். துணை முயல் தன் இணையிடம் காட்டும் போக்கு சில சமயம் நோயின் முதல் அறிகுறியாகவும் அமையும். வழக்கத்துக்கு மாறாக ஒன்று மற்றொன்றைத் துரத்தினாலும், ஓயாமல் காவல் இருப்பது போல் ஒட்டிக் கிடந்தாலும், அதைப் பொருட்படுத்த வேண்டும்.

மருந்து விஷயத்தில் வீட்டார் அறிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், முயலின் குருட்டுக்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் கிருமிகள் பெருகி, அது இறந்துவிடக்கூடும். மனிதருக்காக வீட்டில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கும் துணிவு ஒருபோதும் வேண்டாம். அடுத்தது, நாய்களின் உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் என்னும் மருந்து. நாய்க்குப் பாதுகாப்பானதாயினும் முயலுக்கு அது நஞ்சு. இணை முயல்களில் ஒன்றின்மேல் தெளித்தாலும் மற்றது அதை நக்கி உட்கொள்ளும் என்பதால் இழப்பு இரண்டாகிவிடும்.

முயலை இரவு அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், துணையையும் உடன் வைத்துக்கொள்ள இயலுமா என்று கேளுங்கள். ஒரே கூண்டில் வைக்க முடியாவிட்டால் அடுத்த கூண்டில் வைக்கலாம். அதற்கும் இடமில்லை எனில், இரண்டின் துணிகளையும் நாள்தோறும் மாற்றி மாற்றி வைக்கலாம். ஒன்றின் மணம் மற்றொன்றின் நினைவிலிருந்து அகலாதிருக்க இது ஓரளவு உதவும்.

வீடு திரும்பிய பின் அவசரம் கூடாது. இரண்டும் சேர்ந்தே சென்று, சேர்ந்தே வந்திருந்தால், பெட்டியோடு அமைதியான அறையில் சிறிது நேரம் விட்டு, அவை தாமே வெளியே வரச் செய்யலாம். ஒன்று மட்டும் சென்றிருந்தாலோ, மயக்கம் முழுவதும் தெளியாவிட்டாலோ, இடையே கம்பிவலைத் தடுப்பு வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் வேண்டும், கடிக்க முடியக்கூடாது. தடுப்பின் இருபுறமும் அருகருகே கீரையை வைத்து உண்ணச் செய்வதும், துணிகளை மாற்றிப் போடுவதும் பயன் தரும். வலையை ஒட்டி இரண்டும் இணையாகப் படுக்கத் தொடங்கினால் நல்ல அடையாளம். அதன்பின், இரண்டுக்கும் சொந்தமல்லாத ஒரு பொது இடத்தில், குளியலறையிலோ வராந்தாவிலோ, மேற்பார்வையுடன் சில நிமிடங்கள் சேர்த்து விடலாம். சிறிய துரத்தலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறுதலும் இயல்பே. வால் உயர்ந்து, காதுகள் பின்னோக்கி ஒடுங்கி, வட்டமிட்டுப் பாயத் தொடங்கினால் உடனே பிரித்துவிட வேண்டும். வெறுங்கையை நடுவே நீட்டுவது அறிவுடைமை அன்று. தடித்த துண்டு ஒன்றை இடையே போட்டுப் பிரிக்க வேண்டும். சில இணைகள் ஒரே நாளில் சேர்ந்துவிடும். சிலவற்றுக்குப் பல வாரங்கள் ஆகும்.

இனப்பெருக்கத்தைத் தடுக்கும் அறுவையின்போது மேலும் சில கவனங்கள் வேண்டும். பெட்டை முயல் சுமார் ஒரு மாதமே கருத்தாங்கிக் குட்டிகளை ஈனும். ஈன்றவுடனேயே மறுபடி கருத்தரிக்கவும் வல்லது. எனவே ஆணும் பெட்டையுமாகச் சேர்த்து வளர்ப்போர் இந்த அறுவையைத் தவிர்க்க இயலாது. நடுவயதைக் கடந்த பெட்டைகளிடம் கருப்பைப் புற்று மிகுதியாகக் காணப்படுவதால், அவற்றின் நலனுக்கும் இது வேண்டும். காயடித்த ஆண் முயல் அன்றே மலடாகிவிடுவதில்லை. ஆறு வாரம் வரை அதனால் கருவுறச் செய்ய முடியும். அதுவரை, அறுவை செய்யப்படாத பெட்டையை அதனுடன் சேர்க்காமல் தடுப்புக்கு அப்பால் வைத்திருக்க வேண்டும். பெட்டைக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவை; தையல் ஆறும் வரை துணை அதன்மேல் ஏறாதபடியும், தையலைக் கடிக்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாய்களுக்குக் கழுத்தில் மாட்டும் கூம்பு முயலுக்குப் பெரும்பாலும் ஒவ்வாது. அதை மாட்டினால் முயலால் தன் மென்கழிவை எடுத்து உண்ணவும் முடியாது. துணையால் அதன் முகத்தை நக்கவும் முடியாது.

இரண்டும் ஒரே கூண்டில் இருக்கும்போது, எது உண்டது, எது உண்ணவில்லை என்று தெரியாமல் போவது ஒரு சங்கடம். தட்டு காலியாவதைக் கண்டு இரண்டும் உண்டன என்று நம்பிவிடுகிறோம். சிகிச்சைக்குப் பிந்திய முதல் நாளில், தடுப்பின் இருபுறமும் தனித்தனித் தட்டு வைத்துப் புழுக்கைகளையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது இதற்கு மருந்து. சமையலறைத் தராசில் நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வைப்பதும் நன்று.

எல்லாச் சிகிச்சையும் வெற்றி பெறுவதில்லை. வளர்ப்பு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. என்றேனும் ஒரு நாள் இரண்டில் ஒன்று முந்திக்கொள்ளும். மருத்துவமனையில் ஒன்று இறந்துவிட்டால், அதன் உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து, துணையின் அருகே சிறிது நேரம் வைக்குமாறு அனுபவமுள்ளோர் கூறுகின்றனர். தொற்றுநோய் என்று மருத்துவர் தடுத்தால் அன்றி இதைச் செய்வது நல்லது. எஞ்சிய முயல் அந்த உடலை முகரும்; சில வேளை நக்கும்; சில வேளை அதன்மேல் ஏறி மிதித்து எழுப்ப முயலும்; பிறகு விலகிச் செல்லும். பார்ப்பதற்கு நமக்குத்தான் கடினமாயிருக்கும். உடலைக் காணாத முயலோ, பல நாட்கள் கூண்டின் வாயிலில் காத்திருந்து உணவை மறுப்பதும் உண்டு. துணையை இழந்த முயல் உண்கிறதா என்பதை அடுத்த சில நாட்கள் மிகுந்த விழிப்புடன் பார்க்க வேண்டும். துக்கத்தினால் நின்ற உணவும், நோயினால் நின்ற உணவும் அதன் குடலுக்கு ஒரே தீங்கைத்தான் செய்கின்றன. பின்னர் வேறொரு துணையைத் தேடித் தருவதாயின், மேலே கூறிய தடுப்பு முறையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு சிறு பிராணிக்கு வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். வளையில் கூட்டமாக வாழ்ந்த ஓர் உயிரை நாம் கூண்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். அதன் கூட்டம் முழுவதற்கும் பதிலாக அதற்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு துணை. ஒரு முயலுக்கு நோய் வந்தால், இரண்டுக்கும் இடம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போதுமான புல்லை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் இரண்டின் பெயரையும் பதிவு செய்யுங்கள்.